வில்லெடுப்போம், தொல்கல் தொடோம்!

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி இளைஞர் சிலர் விடுமுறை நாளொன்றில் கூடிக் கல்லுடைத்துக் கருவி செய்யவும், வில்லேந்திப் பழகவும் விழைகின்றனர். நன்று! ஆலைச் சங்கொலிக்கு ஓடும் கைகள் மூத்த தொழிலைத் தொட்டறியட்டும். கூடுமிடமாக அவர்கள் அதிரம்பாக்கத்தைக் குறித்திருப்பதுதான் நமக்கு உடன்பாடன்று.

1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்கருவி கண்ட இராபர்ட்டு புரூசு பூட்டு, அவ்வாண்டிலேயே கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அவ்வூரையும் கண்டார். அங்கு அகழ்ந்த கைக்கோடரிகளின் அகவை ஏறத்தாழ 15 நூறாயிரம் ஆண்டு எனச் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் வெளியிட்டனர். கல் கிடக்கும் மண்ணடுக்கே அதன் காலத்தைச் சொல்லும். பெயர்த்து மடியிற் கட்டிய கல் ஊமைக்கல். இன்று நாம் தெறிக்கும் சில்லு அங்கே கலந்தால், நாளை ஆய்வோன் எதை நம்புவான்?

அவற்றைச் செய்தோர் தமிழர் என முழங்குதலும் வேண்டா. அவர் நம் மாந்த இனமே அல்லர். பொய்ப்பெருமை தமிழுக்கு இழுக்கு. வில்லோ அவர்க்குப் பன்னெடுங்காலம் பிற்பட்டது.

ஆகவே, ஊர்ப்புறத் தோப்பொன்றில் கூடுங்கள். கல்லை விலைக்கு வாங்குங்கள். தீக்கல் தேடி அலையவேண்டா, வன்மையான கூழாங்கல் போதும். கண்ணுக்கு மறைப்பிடுக. கல்தூள் நுரையீரலுக்குக் கேடு. திறந்த வெளியிலேயே அமர்க. துணி விரித்துச் சில்லுகளைத் திரட்டி மீட்டுக் கொணர்க. மூங்கில் வில்லுக்கு வைக்கோற் பொதியே இலக்காகட்டும். வேட்டையை 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டம் தடுக்கிறது. நாண், கணை, தூணி என்னும் சொற்களும் நாவிற் பழகட்டும்.

அதிரம்பாக்கத்துக் கருவிகளைக் காண விழைவோர் மற்றொரு நாள் பூண்டி அருங்காட்சியகத்துக்குச் செல்க.