ஊர்க்கூலி போதும் என்போருக்கு

வெளியே என்ன கூலியோ அதைக் கொடுத்தால் போதும், மேலே கொடுப்பது தர்மம் என்று வாதிடுவோர் 1913-இல் டெட்ராய்ட்டை ஒட்டிய ஃபோர்டு ஆலையைப் பார்க்க வேண்டும். அங்கே அப்போது கொடுத்ததும் ஊர்க்கூலிதான். சுமார் 14,000 பேர் வேலை செய்த இடத்துக்கு அந்த ஓராண்டில் 52,000-க்கும் மேற்பட்டோரை எடுக்க வேண்டியிருந்தது. பழக்கிய ஆள் நிற்கவில்லை. ஒவ்வொரு புதியவரையும் மீண்டும் பழக்கும் செலவு முதலாளி தலையில்தான் விழுந்தது.

1914 ஜனவரியில் நாள்கூலி ஏறத்தாழ 2.34 டாலரிலிருந்து 5 டாலராக ஏறியது. வேலைநேரம் 9 மணியிலிருந்து 8 ஆனது. ஆட்கள் நின்றார்கள், லாபமும் பெருகியது.

இது தர்மமா? சுத்தமான கணக்கு.

ஆனால் இதை நியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. உயர்வில் பெரும்பகுதி ‘லாபப் பங்கு’. தொழிலாளி குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று வீடுதேடி விசாரித்த பிறகே அது கைக்கு வந்தது. பெண்களுக்கோ தொடக்கத்தில் பெரும்பாலும் மறுக்கப்பட்டது.