நித்தியப்படிக்கு யார் பொறுப்பு?

கும்பாபிஷேக வசூல் என்றால் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் வந்துவிடுகிறது. யாகசாலை, பந்தல், பேனர், அன்னதானம் என்று ஊரே அமர்க்களப்படுகிறது. மண்டலாபிஷேகம் முடிந்து, பந்தல்காரர் கடைசி மூங்கிலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள், அதே கோயிலுக்கு விளக்கெரிக்க எண்ணெய் யார் வாங்குவது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அன்றாட வழிபாடு தேய்ந்து வருவதைப் பற்றிய நம் பேச்செல்லாம் பக்தியைச் சுற்றியே நடக்கிறது. இளசுகளுக்கு நம்பிக்கை போய்விட்டது, யாருக்கும் நேரமில்லை, செல்போன் கெடுத்துவிட்டது என்று புலம்புகிறோம். பிரதோஷத்துக்கும் ஆடி வெள்ளிக்கும் நெரிகிற கூட்டத்தைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். கூட்டத்துக்கு ஒரு குறைவும் இல்லை. கூட்டம் வராத செவ்வாய்க்கிழமைக் காலையில் கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எந்த மதத்திலும் தினசரி வழிபாட்டைத் தொடங்கிவைப்பது நம்பிக்கையாக இருக்கலாம். தலைமுறை தலைமுறையாக அதை நடத்திவந்தது, யாரோ ஒருவருக்கு நாள் தவறாமல் அளக்கப்பட்ட படி.

காவிரிப் படுகைக் கிராமம் ஒன்றில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் குருக்கள் வந்து இறங்குகிறார். ஹேண்டில்பாரில் மஞ்சள் பை, அதில் நாலைந்து கோயில் சாவிகள், எண்ணெய் பாட்டில், ஒரு பொட்டலம் பூ. காலடியில் எவர்சில்வர் தூக்கு. வீட்டில் வடித்த சாதம் அதில் இருக்கிறது. இந்தச் சிவன் கோயிலுக்கு ஒரு பிடி, அடுத்த ஊர் அம்மனுக்கு ஒரு பிடி, ஆற்றங்கரைப் பிள்ளையாருக்கு ஒரு பிடி. வௌவால் எச்சம் காய்ந்து கிடக்கும் அர்த்தமண்டபத்தைத் தாண்டிப் போய், நேற்றைய பூவைக் களைந்து, நாலு சொம்பு தண்ணீர் வார்த்து, வஸ்திரம் மாற்றி, திரியைத் தூண்டி ஏற்றி, கற்பூரம் காட்டி, மணியடித்துப் பூட்டிக்கொண்டு கிளம்ப இருபது நிமிடம். உஷக்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தசாமம் என்று பெரிய கோயில்களில் பொழுதெல்லாம் விரியும் ஆறு கால பூஜையும் இங்கே அந்த இருபது நிமிடத்துக்குள் அடக்கம். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கதவு நாள்தோறும் திறக்கிறதென்றால் அவர் ஒருவரால்தான் திறக்கிறது.

தமிழ்நாட்டில் அறநிலையத் துறையின் கீழ் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள். பழனியும் திருச்செந்தூரும் சமயபுரமும் விதிவிலக்கு. பெரும்பாலான கோயில்களின் ஆண்டு வருமானம் பத்தாயிரம் ரூபாயைத் தொடாது. இவற்றுக்காகத்தான் ‘ஒருகால பூஜைத் திட்டம்’ வந்தது. கோயிலின் பெயரில் ஒரு தொகையை வைப்பில் போட்டு, அதன் வட்டியில் ஒரு வேளை பூஜையாவது நடக்கட்டும் என்பது ஏற்பாடு. 2021-ல் வந்த அறிவிப்புப்படி 12,959 கோயில்களுக்கான வைப்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாயிற்று. அதற்கு அரசு கொடுத்தது 129.59 கோடி ரூபாய். அர்ச்சகருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. பிறகு கோயில்களின் எண்ணிக்கை கூடியது, வைப்பும் இரண்டரை லட்சமாக உயர்ந்தது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஏழு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் இரண்டரை லட்சத்துக்கு ஆண்டுக்கு 17,500 ரூபாய், நாளைக்கு 48 ரூபாய். எண்ணெய், திரி, கற்பூரம், பூ, நைவேத்திய அரிசி எல்லாம் அதற்குள். ஒரு லிட்டர் நல்லெண்ணெயே முந்நூறு ரூபாய்க்கு மேல் விற்கிற காலம் இது.

இந்த விஷயத்தில் முன்னோர் நம்மைவிடக் கறாராகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பக்திப் பரவசத்தோடு படிக்கப் போனால் ஏமாற்றம்தான். பாதிக்கு மேல் சம்பளப் பட்டியலும் பாத்திரப் பட்டியலும். நாள்தோறும் திருப்பதியம் பாட முதலாம் ராசராசன் 48 பிடாரர்களை அமர்த்தினான். உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேர். பெயர் பெயராகக் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். எந்தப் பண்டாரத்திலிருந்து அளக்க வேண்டும், எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பதுவரை எழுதிவைத்தார்கள். அந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான்.

அதைவிடச் சுவாரசியமானது அடுத்து வரும் நிபந்தனை. பாடுபவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். உறவினருக்குப் பாடத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால் மீதியுள்ள பாடகர்கள் கூடித் தகுதியான ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓதுவார் ஊர்மாறினால் இன்றைக்கு அந்த இடம் எத்தனை ஆண்டுகள் காலியாகக் கிடக்கிறது என்பதைத் தெரிந்தவர்களுக்கு இந்த முன்யோசனையின் அருமை புரியும். இதே நிபந்தனையில் ஒரு வினையும் ஒளிந்திருந்தது. உறவு, தகுதி என்று இரண்டையும் சேர்த்துச் சொன்ன ஏற்பாட்டில் பிற்காலம் உறவை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டது. அர்ச்சகர் பதவியில் வாரிசு உரிமையை ஒழித்துச் சட்டம் செய்ய 1970 வரை காத்திருக்க நேர்ந்தது. உச்ச நீதிமன்றம் 1972-ல் சேஷம்மாள் வழக்கில் அந்தச் சட்டத்தை ஏற்றபோதும், ஆகமத்துக்கு உட்பட்டே நியமனம் என்று ஒரு முடிச்சைப் போட்டது. அந்த முடிச்சு இன்னமும் முழுதாக அவிழவில்லை.

விளக்குக்கு ஆடு வைத்தார்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. மாடாக இருந்தால் 48, எருமையாக இருந்தால் 16. ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் அந்த மந்தையைச் சொல்கின்றன. கிழட்டு ஆடு போனால் குட்டி வரும். மந்தையின் கணக்கு குறையக் கூடாது. ஆட்டுக்குச் சாவில்லை, சரி, இடையருக்கு? அவர் போனால் பிள்ளை, பிள்ளை போனால் பேரன் நெய் அளந்தாக வேண்டும். பிணைக்கும் ஆள் உண்டு. சுடர் அணையாமல் இருந்ததன் பின்னால் மந்தையோடு கட்டிப்போடப்பட்ட ஒரு குடும்பம் இருந்தது. பழைய ஏற்பாட்டைப் புகழும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ரொக்கமும் கடனாகக் கொடுக்கப்பட்டது. ஊர்ச்சபைகளிடம் காசைக் கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி வாங்கினார்கள். பன்னிரண்டரை சதவீதம்! ஒருகால பூஜைத் திட்டமும் இதே வழிதான், ஆயிரம் ஆண்டு கழித்து. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆடு வைத்தால் கையில் வருவது நெய், ஆள் வைத்தால் அளப்பது நெல். விலைவாசி எப்படிப் போனாலும் உழக்கு உழக்குதான், குறுணி குறுணிதான். வங்கியில் கிடக்கும் இரண்டரை லட்சம் ஆண்டுக்கு ஆண்டு இளைத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்சி மனம்வைத்து ஐம்பதாயிரத்தைக் கூட்டிப்போடும்வரை விளக்கு காத்திருக்க வேண்டியதுதான்.

இது கோயிலுக்கு மட்டும் உரிய கதையில்லை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு, கைமணியை அடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார் என்று மறைக்கல்வி வகுப்புகளில் சொல்வார்கள். அவர் அடுத்து என்ன செய்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஓர் ஊரில் தங்கிப் பழக்கிவிட்டு அடுத்த ஊருக்கு நகர்ந்துகொண்டிருந்தவர் அவர். அவர் போன பிறகும் செபம் நடக்க வேண்டும். ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளை என்று உள்ளூர்க்காரரை அமர்த்தி, மக்களைக் கூட்டிச் செபம் சொல்லித்தரும் வேலையை ஒப்படைத்தார். அவர்களுக்குச் சம்பளம்? போர்த்துகல் அரசி கத்தரீனாவின் பாதரட்சைச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைக் கேட்டு வாங்கினார். அரசியின் செருப்புக் காசில்தான் பரதவர் ஊர்களில் அன்றாடச் செபம் வேர்விட்டது. பிறகு 1578-ல் கொல்லத்தில் அன்றீக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல், பதினாறே பக்கம். செபமும் மறைக்கல்வியும்தான் உள்ளடக்கம். தென்மாவட்டக் கிறிஸ்தவ ஊர்களில் விடியலிலும் அந்தியிலும் மணியடித்து, பாய் விரித்து, விளக்கேற்றிவைக்கிற கோயில்பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், அவருடைய சம்பளம் என்னவென்று. கேட்கவே சங்கடமாக இருக்கும்.

பள்ளிவாசல்களின் நிலை கொஞ்சம் தேவலாம். தொழுவது ஒவ்வொருவருக்கும் கடமை. இமாம் வராவிட்டால் ஓதத் தெரிந்த ஒருவர் முன்னால் நின்று தொழவைத்துவிடலாம். தட்சிணை எதிர்பார்க்கும் இடைத்தரகர் இல்லை. ஜமாஅத் வீட்டுக்கு வீடு சந்தா வாங்குகிறது. கொஞ்சமாக இருந்தாலும் மாதம் தவறாது. ஆனால் சுபுஹுக்கு முன்னால் எழுந்து கதவைத் திறந்து, ஹவுலைச் சுத்தம் செய்து, பாங்கு சொல்லி, இஷா முடிந்து விளக்கணைத்துப் பூட்டுகிற மோதினாரின் நாளை ஊரார் யாரும் பகிர்ந்துகொள்வதில்லை. அதற்கு ஆள் வைத்தாக வேண்டும். 2009-ல் உலமாக்களுக்கும் பள்ளிவாசல் பணியாளர்களுக்கும் அரசே நல வாரியம் அமைத்ததிலிருந்து இந்த வேலையின் வருமானம் எப்படிப்பட்டது என்று ஊகிக்கலாம்.

வீட்டு விளக்கைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அதற்கு மானியமும் இல்லை, ஏற்றுகிறவருக்குச் சம்பளமும் இல்லை. ஆயிரமாண்டுக் கணக்கில் ஒரு வரவும் எழுதப்படாமல் பெண்கள் செய்துவருகிற வேலை. வேலைக்குப் போய்த் திரும்பும் பெண் அந்தி ஆறு மணிக்கு மின்சார ரயிலில் நின்றுகொண்டிருக்கிறாள். வீட்டில் விளக்கு வைக்கவில்லையே என்று கவலைப்படும் மாமனார் தீப்பெட்டியை எடுப்பதில்லை.

மந்திரமும் மணியும் எதற்கு, மனசுக்குள் நினைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். சித்தர்கள் கேட்டார்கள், வள்ளலார் கேட்டார். சடங்குகளை உதறிய வள்ளலாரே 1867 மே 23-ல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அது அணையாமல் இன்றும் எரிகிறது. பசித்தவருக்குச் சோறிடுவதே அவருக்கு வழிபாடு. அதற்கும் பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுக்க வேண்டியிருந்தது. அரிசி வர வேண்டும், விறகு வர வேண்டும், வேளாவேளைக்கு உலை வைக்க ஆள் வேண்டும். மனசுக்குள் வழிபடுவதில் தவறில்லை. அப்படி வழிபடுகிறவருக்குப் பக்கத்து வீட்டில் ஒருவர் பசியோடிருப்பது தெரியாமல் போகலாம் என்பதுதான் வள்ளலார் கண்ட குறை.

ஆள் இல்லாத இடத்தை இப்போது இயந்திரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. நகராவும் மணியும் தாளமும் ஒரே இரும்புச் சட்டத்தில், ஒரு மோட்டாரோடு. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் மண்டபமே அதிர்கிறது. நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் நின்ற இடம் அது. ஓதுவார் பாட வேண்டிய நேரத்தில் ஒலிபெருக்கியில் சூலமங்கலம் சகோதரிகள் கவசம் பாடுகிறார்கள். அருமையான குரல், நானும் நின்று கேட்பவன்தான். ஆனால் அந்த ஒலிநாடா ஊரில் ஒரு பிள்ளைக்கும் ஒரு பண்ணைக் கற்றுத்தராது. தருமபுரம் ஆதீனமும் பழனிக் கோயிலும் ஓதுவார்களைப் பயிற்றுகின்றன. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் கையால் நியமன ஆணை பெற்றவர்களில் ஒரு பெண் ஓதுவாரும் இருந்தார். பயின்று வருகிறவர்களுக்குப் பெரிய கோயில்களில் இடம் கிடைத்துவிடும். பாடல் பெற்ற தலமாகவே இருந்தாலும் வருமானமில்லாத ஊருக்கு அவர்கள் எதை நம்பிப் போவார்கள்?

செய்ய வேண்டியது என்று எனக்குத் தோன்றுவது இரண்டு. முதலாவது, அரசு வைக்கும் வைப்புத்தொகையை விலைவாசிப் புள்ளியோடு கட்டிவிடுவது. அரசு ஊழியரின் அகவிலைப்படியை அப்படித்தான் கணக்கிடுகிறோம். அர்ச்சகரின் படிக்கு மட்டும் அமைச்சரின் அறிவிப்பு எதற்கு? இரண்டாவது கொஞ்சம் கசக்கும். அறநிலையத் துறைக் கோயில்களில் திருப்பணிக்கும் குடமுழுக்குக்கும் துறையின் அனுமதி வேண்டும். மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை நித்தியப்படிக்கென்று கோயில் பெயரில் வைப்பாகக் கட்டிய ரசீதைக் காட்டினால்தான் அந்த அனுமதி என்று ஒரு விதி போடலாம். ஐம்பது லட்சத்தில் ராஜகோபுரத்துக்கு வண்ணம் தீட்டும் ஊர், ஐந்து லட்சத்தை உள்ளே எரியும் விளக்குக்கு எடுத்துவைக்கட்டும். கல்வெட்டில் பெயர் வராத செலவுக்கு யார் கொடுப்பார்கள் என்று விழாக் குழுக்கள் முனகும். பெயரைப் போட்டுவிடலாமே, விளக்கு வைத்தவன் பெயரும், எத்தனை ஆடு விட்டான் என்ற கணக்கும் சோழர் கோயில் சுவரெங்கும் இருக்கின்றன.