திருப்புளி பிடிக்கும் கை தாழ்ந்த கையா?



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியான மறுநாள், காம்பார் காலைச் சந்தையில் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தையைச் சந்தித்தேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்பொழுது லாரி ஓட்டுகிறார். மகனின் தேர்ச்சி குறித்துக் கேட்டேன். கையிலிருந்த கீரைக்கட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“என்ன சார் சொல்றது, மூனு கிரெடிட்தான். மெட்ரிகுலேஷன் எல்லாம் கெடைக்காது. எலெக்ட்ரோனிக் அது இதுன்னு எதுலயாச்சும் தள்ளிவிட வேண்டியதுதான்.”

எந்தெந்தப் பாடங்களில் கிரெடிட் என்று வினவினேன். கணிதம், அறிவியல், தமிழ் என்றார். மின்னணுவியல் படிக்கப் போகும் பிள்ளைக்குக் கணிதமும் அறிவியலும் கைகொடுத்திருக்கின்றன. அதனை மகிழ்ச்சிக்குரிய செய்தியாக அவர் கருதவே இல்லை. ‘தள்ளிவிடுவது’ என்ற ஒரு சொல்தான் அவர் மனத்தில் நின்றது.

அவரை நான் குறைகூற இயலாது. அந்தச் சொல்லை நம் சமுதாயத்திற்குக் கற்றுக்கொடுத்தவர்களுள் ஆசிரியர்களாகிய நாமும் உண்டு. நானும் உண்டு.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு நம் பள்ளிகளை ஆட்டிப் படைத்த காலம் அது. என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரியோடு நின்றுவிடுவான். ஆனால், வகுப்பறையின் பழைய வானொலிப் பெட்டி பாடாமல் போன அன்று, இடைவேளைக்குள் அதனைத் திறந்து, அறுந்திருந்த கம்பியைக் கண்டுபிடித்து மீண்டும் பாட வைத்தவன் அவனே. நான் பாராட்டினேனா? இல்லை. “இப்படியே இருந்தால் திருப்புளி பிடிக்கத்தான் லாயக்கு” என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு திருமண விருந்தில் அவனைக் கண்டேன். ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திர இயக்குநராக, அதாவது ஆப்பரேட்டராக, வேலை செய்வதாகக் கூறினான். வருத்தம் சிறிதும் இல்லாத குரலில் அவன் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: “மெஷின் நின்னா எங்க கோளாறுன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா தொடக்கூடாது. டெக்னீஷன் வரணும். எங்கிட்டப் பேப்பர் இல்லல்ல?”

ஐந்தாம் படிவத்திற்குப் பிறகு அவன் எங்கும் படிக்கச் செல்லவில்லை. படிப்பு என்பது தனக்கு உரியதன்று என்று அவன் முடிவு செய்திருந்தான். அந்த முடிவில் என் பங்கு எவ்வளவு என்பதை நான் அறியேன். பங்கே இல்லை என்று சொல்லிக்கொள்ள மட்டும் மனம் இடந்தரவில்லை.

ஆகவே, இந்தப் படிப்பைக் குறித்து நான் அறிந்தவற்றையும் எண்ணியவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நம் மண்ணுக்குப் புதிதன்று

காம்பார் ஈயத்தால் எழுந்த ஊர். ‘ஈய லம்பம்’ என்று நம் பெரியோர் சொல்லும் சுரங்கங்கள் இங்குள்ள கிந்தாப் பள்ளத்தாக்கு முழுவதும் பரவியிருந்தன. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது அந்தத் தொழிலும் படுத்துவிட்டது. இன்று ஊரைச் சுற்றியுள்ள குட்டைகளும், 2012-இல் தொடங்கப்பட்ட ஈயச் சுரங்க அருங்காட்சியகமும் அதன் நினைவாக நிற்கின்றன.

அந்த வெள்ளீயத்தின் இன்றைய பெரும்பயன் எது தெரியுமா? மின்னணுப் பலகையில் உறுப்புகளைப் பற்றவைக்கும் பற்றாசு. முன்பு அதில் ஏறத்தாழ 63 விழுக்காடு வெள்ளீயம், எஞ்சியது காரீயம். 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, பரவலாகப் பயன்படும் பற்றாசில் 96 விழுக்காட்டுக்கும் மேல் வெள்ளீயமே. நம் கைப்பேசிக்குள்ளும் அது இருக்கிறது.

தொழிற்சாலைகளும் தொலைவில் இல்லை. கார்செம் நிறுவனம் ஈப்போவில் 1972-இல் தோன்றியது. பினாங்கின் பாயான் லெப்பாசில் இன்டெல் தன் ஆலையைத் திறந்ததும் அதே ஆண்டில்தான். சிம்பாங் பூலாயில் யூனிசெம் இருக்கிறது. உலகில் மின்னணுச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் பணியில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடைபெறுகிறது. 2024 மே மாதம் அரசு அறிவித்த தேசியக் குறைக்கடத்தி வியூகத் திட்டம், 60,000 உயர்திறன் பொறியாளர்களை உருவாக்கப் போவதாகக் கூறுகிறது. பொறியாளர் வரைந்ததை நாள்தோறும் இயங்க வைப்பதற்குத் தொழில்நுட்பர் வேண்டும். அந்த இடத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?

இது எளிய படிப்பன்று

‘கணக்கு வராதவனுக்கு எலெக்ட்ரோனிக்’ என்ற எண்ணம் முற்றிலும் தவறானது. முதல் பருவத்திலேயே ஓமின் விதி, மாறுதிசை மின்னோட்டம், இரும எண்கள் முதலியன வந்துவிடும். டிரான்சிஸ்டர் எவ்வாறு சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் மேற்செல்ல இயலாது. இயற்கணிதத்தில் தடுமாறும் மாணவன் இங்கேயும் தடுமாறுவான். அவனுக்கு முன்கூட்டியே உதவி தேவை.

மின்சாரத்தையும் மின்னணுவியலையும் பெற்றோர் பலர் ஒன்றாகக் கருதுகின்றனர். வீட்டுக்கும் கட்டடத்திற்கும் மின்னிணைப்புச் செய்யும் வயர்மேன், மின்கருவிகளைக் கவனிக்கும் சார்ஜ்மேன் ஆகியோர் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டியவர்கள். மின்னணுத் தொழில்நுட்பரின் பணி வேறு. சுற்று வரைபடத்தைப் படிப்பது, மல்டிமீட்டராலும் ஆசிலோஸ்கோப்பாலும் அளப்பது, கோளாறு எந்தப் பகுதியில் என்று ஒவ்வொன்றாக விலக்கிக் கண்டறிவது, சரிசெய்வது, செய்ததை எழுதி வைப்பது ஆகியவை அவருடைய வேலை. சில்லுத் தொழிற்சாலையில் தலைமுடியினும் மெல்லிய பொன் அல்லது செப்புக் கம்பியைப் பொருத்தும் இயந்திரம் ஒரு மணி நேரம் நின்றால் ஏற்படும் இழப்பு பெரிது. அதனை மீண்டும் ஓடவைப்பவர் கைவேலைக்காரர் மட்டும் அல்லர், முறையாகச் சிந்திப்பவர்.

எங்கே படிக்கலாம்?

1. மூன்றாம் படிவத்திற்குப் பின் தொழிற்கல்லூரி, அதாவது கோலேஜ் வொகெஷனல். இது தொழிற்கல்வி டிப்ளோமா வரை செல்லும் வழி.

2. எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் போலிடெக்னிக். நாட்டின் முதல் போலிடெக்னிக்கான உங்கு ஓமார், 1969 முதல் ஈப்போவில் இயங்கி வருகிறது. காம்பாரிலிருந்து வெகு தொலைவில் இல்லை. மூன்றாண்டு டிப்ளோமாவில் தொழிற்சாலைப் பயிற்சியும் அடங்கும்.

3. மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்கள். ஈப்போவிலும் ஒன்று உண்டு. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளைக் கொண்டது. நான்காம் நிலை திறன் டிப்ளோமா. ஐந்தாம் நிலை உயர்நிலைத் திறன் டிப்ளோமா.

4. வேலை செய்துகொண்டே பயிலும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை. ஜெர்மனியைப் பின்பற்றி 2005-இல் தொடங்கப்பட்டது. பயிற்சியின் பெரும்பகுதி தொழிலிடத்திலேயே நடைபெறும்.

டிப்ளோமாவோடு பாதை முடிந்துவிடுவதில்லை. துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம், மலாக்காத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதலிய நான்கு அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் மேற்படிப்புக்கு உள்ளன. காம்பாரிலேயே துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தின் வளாகம் 2007 முதல் செயல்படுகிறது. மின்னணுப் பொறியியல் பட்டப்படிப்பு அங்கும் உண்டு. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம், தகுதியுள்ள தொழில்நுட்பர்களைப் பதிவு செய்கிறது.

ஏமாற வேண்டாம்

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, அழகிய விளம்பரத் தாளை நம்பி, ஒரு தனியார் கல்லூரியில் மகனைச் சேர்த்தது. தாயின் நகை அடகுக்குப் போனது. ஓராண்டு சென்ற பின்னரே அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தது. பணமும் திரும்பவில்லை, ஓராண்டும் திரும்பவில்லை.

கையெழுத்திடும் முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். டிப்ளோமா என்றால், அது மலேசியத் தகுதி முகவையின் பதிவேட்டில் உள்ளதா? திறன் சான்றிதழ் என்றால், திறன் மேம்பாட்டுத் துறை அந்த மையத்தை அங்கீகரித்துள்ளதா? கடன் என்றால், அது பி.டி.பி.டி.என். கடனா, திறன் பயிற்சிக்கான பி.டி.பி.கே. கடனா, அல்லது வேறு எவரிடமிருந்தோ வாங்கும் கடனா? கல்லூரியின் சொல்லை மட்டும் நம்பாமல் நீங்களே இணையத்தில் தேடிப் பாருங்கள். தெரியாவிட்டால் பிள்ளை படித்த பள்ளியின் ஆசிரியரிடம் கொண்டு வாருங்கள். ஆறாம் ஆண்டு முடிந்துவிட்டது என்பதற்காக நம் உறவும் முடிந்துவிடுவதில்லை.

உண்மையை மறைக்கலாகாது

தொடக்கச் சம்பளம் எல்லாருக்கும் உயர்வாக இருப்பதில்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. புதிதாகச் சேரும் தொழில்நுட்பர் சிலர் அதற்குச் சற்று மேலே மட்டுமே பெறுகின்றனர். இரவு ஷிப்டும் உண்டு. “இதற்கா மூன்றாண்டு படிப்பு?” என்று பெற்றோர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

ஆனால், சேர்ந்த நாளின் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவது போதாது. ஆப்பரேட்டருக்கு ஓர் இயந்திரம் தெரியும். அந்த இயந்திரம் மாற்றப்பட்டால் அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொழில்நுட்பர் அடிப்படையைக் கற்றவர். புதிய இயந்திரம் வந்தாலும் அதன் கையேட்டைப் படித்துத் தேறிவிடலாம். சான்றிதழ் இருப்பதால் அடுத்த படிக்கும் செல்லலாம். என் பழைய மாணவனுக்கு அறிவு இருந்தும் அந்தப் படி இல்லாமல் போயிற்று.

பெண் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். தோட்டத்தை விட்டு வந்த நம் பெண்கள் பலர் இத்தொழிற்சாலைகளின் வரிசைகளில் அமர்ந்து, நுண்ணோக்கி வழியே பார்த்துப் பார்த்துக் குடும்பத்தைக் கரையேற்றினார்கள். அவர்களின் மகள்கள் அதே ஆலைக்குச் செல்வதானால் தொழில்நுட்பராகச் செல்லட்டுமே! ‘பெண் பிள்ளைக்கு எதற்கு இது?’ என்று தடுப்பது யாருக்கும் நன்மையன்று.

ஆசிரியர்களே, நாம் என்ன செய்யலாம்?

ஐந்தாம் ஆண்டு அறிவியலில் தொடர் மின்சுற்று, இணை மின்சுற்றுப் பாடம் வருகிறது. தேர்வுக்காகப் படத்தை வரைய வைத்து முடித்துவிடாமல், ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் மின்கலன், கம்பி, மின்குமிழ், விசை ஆகியவற்றைக் கொடுப்போம். தொடர் சுற்றில் ஒரு மின்குமிழைக் கழற்றினால் மற்றதும் ஏன் அணைகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். தாய்மொழியில் தெளிவாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்குக் கல்லூரியில் புதிதாக வருவது பெயர்கள் மட்டுமே. கருத்து முன்பே வேரூன்றியிருக்கும். கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் அம்மொழியையும் ஊன்றிக் கற்கச் சொல்வோம்.

கழற்றிப் பார்க்கும் பிள்ளையைக் கண்டால் பெயரைக் குறித்துக்கொள்வோம். அவன் பெற்றோரை அழைத்து, இந்தத் திறமை உள்ளது என்று சொல்வோம். எந்தத் தொழிலையும் வகுப்பறையில் தண்டனையாகச் சொல்லி அச்சுறுத்த வேண்டாம்.

கோவையின் ஜி.டி. நாயுடு பள்ளிப்படிப்பைத் தொடராதவர். ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தே இயந்திர அறிவைப் பெற்றவர். அப்படிப்பட்டவரே 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் எழத் துணைநின்றார். கைத்திறன் மட்டும் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. பிறருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று அறிந்திருந்தார்.

கடந்த ஞாயிறன்று அந்த லாரி ஓட்டுநர் மகனோடு என் வீட்டிற்கு வந்தார். மூவரும் கணினி முன் அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். பையன் மின்னணுப் பொறியியல் டிப்ளோமாவைத் தேர்ந்தெடுத்தான். தந்தை பாடப்பட்டியலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவ்ளோ கணக்கு இருக்கே சார், இவனால முடியுமா?” என்று கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டது எனக்கு மகிழ்ச்சியளித்தது. தள்ளிவிடும் இடத்தைப் பற்றி எவரும் அப்படிக் கேட்பதில்லை. முடியும் என்றேன். வாரம் ஒரு மாலை வந்து கணிதத்தைத் திருப்பிப் பார்க்கும்படி பையனிடம் சொல்லியிருக்கிறேன்.

நம் ஒவ்வொரு பள்ளியிலும் இப்படி ஒரு பிள்ளையாவது இருப்பான், இருப்பாள். தேடிக் கண்டுபிடிப்போம்.