லயத்து முதுமை

கண்டிக்கு அண்மையில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் தேயிலை பயிரிட்டதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அப்பயிருக்கு முதுகு வளைந்தவர்களின் முதுமையைப் பற்றிப் பாடநூல்களில் நான் படித்ததில்லை.

பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம். அப்பணம் உள்ளவரை தாய்க்கு மதிப்புண்டு. மகளின் திருமணம், மகனின் கடன், கூரைத் தகரம் என்று அது கரைந்தபின் அவளுக்கு இஸ்தோப்பில் ஒரு சாக்குப் படுக்கை. மற்றவர்கள் வேலைக்குச் செல்கையில் வெளியே பூட்டிய கதவு. எல்லா இல்லங்களும் இத்தகையன அல்ல. இதனைக் கொடுமை என்றால் சிலர் சினந்து, வறுமை என்பர். வறுமையும் மெய்யே, பூட்டும் மெய்யே.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்கின்றது. தம்மைப் பேண இயலாத முதியோர் பராமரிப்புச் சபையில் முறையிட்டுப் பிள்ளைகளிடம் மாதப்படி கோரலாம். ஆனால் மகனைப் பிறர்முன் நிறுத்த எந்தத் தாய் துணிவாள்? துணிந்தாலும் நாட்கூலி மகன் எதைக் கொடுப்பான்? பிள்ளைகளற்ற, அல்லது அவர்களாற் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோர்க்கு உறைவிடம் அளித்தல் அரசின் கடமை என்றும் அதே சட்டம் விதிக்கின்றது. நம் மேடைகளில் இவ்விதியை எவரும் எடுத்துரைக்கக் காணேன்.

மலையகத் தாயைக் கவியரங்குகளிற் போற்றும் அன்பர்களும் ஆசிரியர்களும், ஒரு சனிக்கிழமை சட்டத்தின் தமிழ்ப் பிரதியோடு கலகா, தெல்தோட்டை லயங்களுக்குச் சென்று அதை வாசித்துக் காட்டலாம். பூட்டிய கதவைக் கண்டால் பிரதேச செயலகத்துக்கு எழுத்திலே அறிவிக்கலாம்.