எறும்பின் புளிப்பும் சாராயச் சாவும்



ரசாயன சாஸ்திரத்தில் ஒரு பெரும் பகுதிக்குச் "சேதன ரசாயனம்" என்று ஒரு பெயர் உண்டு. இலங்கைப் பள்ளிக்கூடங்களில் இன்றும் அப்படியேதான் சொல்லுகிறார்கள். தமிழ்நாட்டுப் பாட புத்தகங்களில் கரிம வேதியியல் என்கிறார்கள். சேதனம் என்றால் உயிரும் அறிவும் உள்ளது என்று அர்த்தம். அசேதனம் என்றால் ஜடம். எண்ணெய்க்கும், சர்க்கரைக்கும், சாராயத்துக்கும், காடிக்கும் உயிர் ஏது, அறிவு ஏது? பின் ஏன் இந்தப் பெயர் வந்தது என்று பார்ப்போமானால், அதற்குள் ஒரு பெரிய மூடநம்பிக்கை படுத்துக் கிடப்பது விளங்கும்.

சுமார் 200 வருஷங்களுக்கு முன், ஐரோப்பாவின் பெரிய பண்டிதர்களிலேயே பலர், பிராணிகளின் உடம்பிலும் செடி கொடிகளிலும் உண்டாகும் வஸ்துக்களை மனிதன் கையால் செய்யவே முடியாது என்றும், அதற்கு "ஜீவசக்தி" என்று ஒன்று வேண்டும் என்றும் நம்பிக் கொண்டிருந்தார்கள். 1828-ல் ஜெர்மனியில் பிரடெரிக் வோலர் என்பவர் அம்மோனியம் சயனேட் என்னும் உப்பைச் சூடாக்கினார். வந்தது என்ன? சிறுநீரில் உள்ள யூரியா! சிறுநீரில் எடுத்த யூரியாவுக்கும் சட்டியில் செய்த யூரியாவுக்கும் எந்தப் பரீட்சையிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. இதனால் ஒரே நாளில் அந்த நம்பிக்கை செத்துவிடவில்லை. 1845-ல் கோல்பே என்பவர் காடியிலுள்ள அமிலத்தையும் ஜட வஸ்துக்களிலிருந்தே செய்து காட்டினார். இப்படி ஒவ்வொன்றாக வர வர, ஜீவசக்தி இருக்க இடமில்லாமல் ஓடிற்று. இன்று அதே யூரியாவை மூட்டை மூட்டையாக ஆலைகளில் செய்து நமது வயல்களில் கொட்டுகிறோம். நெற்பயிர் அதை, நீ மாட்டுக்குப் பிறந்தாயா, இயந்திரத்துக்குப் பிறந்தாயா என்று கேட்பதில்லை.

ஆகவே ஒரு வஸ்துவின் குணம் அது எங்கே பிறந்தது என்பதால் ஏற்படுவதல்ல. அதில் என்னென்ன அணுக்கள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதாலேயே ஏற்படுகிறது. பிறப்பைக் கொண்டு குணம் கற்பிப்பது மனிதன் விஷயத்தில் மாத்திரமல்ல, உப்பு விஷயத்திலுங்கூடப் பொய்யாயிற்று.

நிற்க, அணுக்கள் சேர்ந்திருக்கும் விதத்தைச் சற்றுப் பார்ப்போம். இந்த வஸ்துக்களுக்கெல்லாம் கரி அணுக்களே முதுகெலும்பு. அந்த முதுகெலும்பில் இரண்டொரு வேறு அணுக்கள் கூட்டமாக ஒட்டிக் கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்துக்கு வினைத் தொகுதி என்று பெயர். வேலை செய்வது பெரும்பாலும் அந்தக் கூட்டமேயாகும். ஒரு பிராணவாயு அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் கூட்டாக ஒட்டியிருந்தால் அது சாராய இனம். அந்தச் சாராயத்திலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கழன்று போனால் ஆல்டிஹைடு இனம். அதன்மேல் இன்னும் ஒரு பிராணவாயு அணு ஏறினால் அமில இனம், நாக்கில் புளிக்கும். அமிலமும் சாராயமும் கூடி ஒரு துளி தண்ணீரைக் கழித்துவிட்டுச் சேர்ந்தால் எஸ்டர் இனம். வாழைப்பழ வாசனையும் இதுவே, தேங்காயெண்ணெயும் இதுவே. நைட்ரஜன் அணு ஒட்டியிருந்தால் அமீன் இனம். மீன் நாற்றம் இதைச் சேர்ந்தது.

இவையெல்லாம் சீமைப் படிப்பு, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத நமது தாய்மார்கள் தினம் இதைச் செய்து கொண்டுதானிருக்கிறார்கள். மீனைப் புளித் தண்ணீரில் அலசுகிறார்களே, ஏன்? அமீன் காரம்; புளி அமிலம். இரண்டும் கூடினால் உப்பாகி நாற்றம் அடங்குகிறது. மாமரத்து முசுறு கடித்தால் சுண்ணாம்பு தடவுகிறார்களே, ஏன்? முசுறு பீய்ச்சுவது பார்மிக் அமிலம், சுண்ணாம்பு காரம். தேங்காயெண்ணெயில் காரத் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சினால் எஸ்டர் உடைந்து சோப்பும் கிளிசரினும் ஆகின்றன. கள்ளை நாலு நாள் திறந்து வைத்தால் நுண்கிருமிகள் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு சாராயத்தை அமிலமாக்கிக் காடியாக்கி விடுகின்றன. கை இருக்கிறது, அநுபவம் இருக்கிறது; காரணம் மாத்திரம் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. காரணம் தெரியாததால்தான் முசுறுக்குத் தடவிய அதே சுண்ணாம்பைத் தேள் கடிக்கும் தடவிக் கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காலத்தைக் கடத்துகிறோம். தேளின் விஷம் வேறு. அதற்கும் சுண்ணாம்புக்கும் சம்பந்தமே இல்லை.

இனி, உயிர் போகும் விஷயத்துக்கு வருவோம்.

சாராய இனத்தில் இரண்டு அண்ணன் தம்பிகள் உண்டு. அண்ணனுக்கு முதுகெலும்பில் இரண்டு கரி அணுக்கள். அவன் பெயர் எதில் சாராயம். கள்ளிலும் கடைச் சரக்கிலும் இருப்பவன் அவன். தம்பிக்கு ஒரே ஒரு கரி அணு. அவன் பெயர் மெதில் சாராயம். வார்னிஷுக்கும் ஆலை வேலைகளுக்கும் உபயோகப்படுகிறவன். இருவரும் தண்ணீர் போலவே இருப்பார்கள். வாசனையிலும் ருசியிலும் குடிக்கிறவனால் பிரித்துச் சொல்ல முடியாது. கொளுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்லுவது நம்பத்தக்கதல்ல. ஏனெனில் இருவரும் நீலமாகவே எரிவார்கள்.

உடம்புக்குள் போனதும் இருவருக்கும் கல்லீரலில் நடப்பது ஒரே வேலைதான். சாராயம் ஆல்டிஹைடு ஆகிறது, ஆல்டிஹைடு அமிலமாகிறது. அண்ணன் காடியின் அமிலமாகிறான். அவனால் கல்லீரல் கெடுகிறது, குடும்பம் கெடுகிறது, நாம் அவனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை; என்றாலும் அந்த அமிலத்தை உடம்பு எரித்துவிடும். தம்பியோ முதலில் பிணத்தைக் கெடாமல் ஊற வைக்கும் பார்மலினில் உள்ள வஸ்துவாகி, பின்பு அந்த முசுறெறும்பின் பார்மிக் அமிலமாகிறான். அதை எரித்துத் தள்ள மனித உடம்புக்குச் சுலபத்தில் முடிவதில்லை. அது தேங்கித் தேங்கி இரத்தத்தைப் புளிக்க வைத்து, உடம்பின் அணுவறைகள் பிராணவாயுவை உபயோகிக்க முடியாமல் தடுக்கிறது. கண் நரம்பு முன்னதாகவே அடிபடுகிறது. 10 மில்லி கண்ணைப் பறித்துவிடக் கூடும். 30 மில்லி உயிரையே பறித்துவிடக் கூடும்.

2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கங்களில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டிலும் கொன்றவன் இந்தத் தம்பிதான். மாண்டவர்களில் அநேகர் கூலிக்காரர்கள். மாண்ட குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தார்கள். விற்றவனுக்குத் தண்டனையைக் கூட்டிச் சட்டத்தையும் திருத்தினார்கள். இவை வேண்டியவைதான். ஆனால் குடிக்கிறவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் இந்த இரண்டு சாராயத்தின் கதையைச் சொன்னவர் யார்?

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்துக் கூட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் எழுந்து, மெதனால் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பார்மால்டிஹைடு, அதன்பின் பார்மிக் அமிலம் என்று கடகடவென்று ஒப்பித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். "தம்பி, அதை மனிதன் குடித்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். விழித்தான். "அது பாடத்தில் கேட்க மாட்டார்கள் ஐயா" என்றான். அவன் மேல் குற்றமில்லை. அர்த்தம் தெரியாமல் மந்திரம் ஒப்பிக்கும் புரோகிதனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அர்த்தம் தெரியாமல் ரசாயனம் ஒப்பித்து மார்க்கு வாங்குவதற்கு மாத்திரம் கைதட்டுகிறோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

படிக்காதவனுக்கு இதெல்லாம் புரியாது என்று சிலர் சொல்லக் கூடும். மீன் நாற்றத்துக்குப் புளியும், எறும்புக் கடிக்குச் சுண்ணாம்பும், பதநீர் கள்ளாகாமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பும் போடத் தெரிந்தவனுக்கு இது ஏன் புரியாது? புரியாது என்பது சொல்லிக் கொடுக்க மனமில்லாதவர்களின் சாக்கேயாகும்.

குடிக்க வேண்டாம் என்பதே நமது முதல் வார்த்தை. அதைக் கேளாதவனையும் சாக விடக் கூடாது என்பது இரண்டாவது வார்த்தை. மெதில் சாராயம் குடித்தவனுக்கு உடனே ஒன்றும் தெரியாது. அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண்ணில் புகை படிந்தது போன்ற மங்கல் எல்லாம் வரும். அதைப் பித்தம் என்று சொல்லி மோர் கொடுப்பதும், காற்றுக் கருப்பு என்று வேப்பிலை அடிப்பதும், ஒரு தூக்கம் தூங்கினால் தெளிந்துவிடும் என்று படுக்க வைப்பதும் அவனைக் கொல்லுவதற்குச் சமானமாகும். ஆஸ்பத்திரியில் இதற்கு வைத்தியம் உண்டு. தம்பி அமிலமாக மாறாமல் தடுக்க மருந்து உண்டு. இரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்யும் வழியும் உண்டு. நேரத்தோடு போனவன் பிழைக்கலாம். போலீசுக்குப் பயந்தும் மானத்துக்குப் பயந்தும் மறைப்பதனால்தான் உயிர் போகிறது.

ஆகவே தோழர்கள் அடுத்த கூட்டத்தில் ஜீவசக்தியைப் பற்றியும் ஆத்மாவைப் பற்றியும் வாதாடி ஜெயிப்பதோடு நின்றுவிடாமல், ஒரு கரிக்கட்டியை எடுத்துச் சுவரில் இந்த இரண்டு சாராயத்தின் படத்தையும் எழுதி, எந்தச் சாராயம் எந்த அமிலமாகிறது என்று பெண்கள் முன்னிலையிலும் சிறுவர்கள் முன்னிலையிலும் சொல்லிக் காட்ட வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறேன். அதனால் ஒரு தெருவில் ஒரு உயிர் மிஞ்சினாலும் போதும். பகுத்தறிவுக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேறு வேண்டியதில்லை.