கிழட்டு வேனும் பழகிய கைகளும்

சமதரை எவ்வளவோ இருக்க, மெட்டடோர் வேனைச் சரிவில்தான் நிறுத்துவார் டிரைவர். ஏன்? விடிகாலைக் குளிரில் பாட்டரி கை விட்டாலும் நாலு பேர் தோள் கொடுத்தால் வண்டி உருளும். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் எஞ்சின் விழித்துக்கொள்ளும். அப்படித் தோள் கொடுத்தவர்கள்தாம் நாம். காய்கறி மூட்டைகளுக்கு நடுவே இடம் பிடித்துக் கூட்டங்களுக்குப் போனவர்களும் நாமே.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது கொதிக்கும். அதில் டீசல் பீய்ச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்ளும். அந்த அழுத்தத்தைத் தாங்கவே எஞ்சினைக் கனமாக வார்க்கிறார்கள். அதன் ஆயுளுக்கு இது ஒரு காரணம்.

பூனாவின் பஜாஜ் டெம்போ கம்பெனி 1969-ல் ஜெர்மன் ஹானோமாக் வேனின் வழியில் மெட்டடோரைக் கட்டத் தொடங்கியது. பின்னால் மெர்சிடிஸ் பென்ஸ் வகை எஞ்சினும் அதில் ஏறியது. 'பென்ஸ் எஞ்சினப்பா, சாகாது!' என்பார்கள்.

சாகாமல் இருப்பது சும்மாவா? டாங்கில் டீசல் வற்றினால் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். நடுரோட்டில் குனிந்து, நட்டைத் தளர்த்தி, பம்பைக் கையால் அடித்து, நுரை அடங்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் வண்டி இது. பின்னால் பாரம் கூடினால் மழைக்கால ஏற்றத்தில் வழுக்கும். எஞ்சினோ டிரைவரின் இடக்கால் பக்கம். சித்திரை வெயிலில் அந்தக் கால் வெந்துபோகும். சத்தத்தைக் கேட்டே எந்த நாசில் பழுது என்று சொல்லிவிடும் மெக்கானிக்கை எந்தக் கம்பெனி விளம்பரத்திலாவது கண்டதுண்டா? வண்டியின் உறுதியில் பாதி அவருடைய உறுதி.

அதற்காகக் கிழட்டு வண்டி என்றென்றும் ஓடட்டும் என்று நாம் சொல்லவில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ல் அறிவித்தது. அந்தப் புகையை முதலில் விழுங்குகிறவர் யார்? பட்டறையில் படுத்துக் கிடக்கும் மெக்கானிக். ஸ்டியரிங்கைப் பிடித்த டிரைவர். பின்னால் நெருக்கியடித்து நிற்கும் நாம்.

2021-ல் மத்திய சர்க்கார் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கையை அறிவித்தது. 2022 ஏப்ரல் முதல், 15 வருஷம் கடந்த வாடகை வண்டி, சரக்கு வண்டிகளின் எப்.சி. கட்டணம் பல மடங்கு ஏறியது. 2025-ல் மறுபடியும் ஏறியது. பழையதைக் கழித்துப் புதிது வாங்கினால் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை தரவும் விதி உண்டு. நல்லது! புதிய வண்டிக்குப் பணம் உள்ளவருக்கு அது சலுகை. ஒரே ஒரு வேனை ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர் முன்பணத்துக்கு எங்கே போவார்? வட்டிக் கடைக்குத்தானே?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். ஒற்றை வண்டிக்காரருக்குக் குறைந்த வட்டியில் பாங்குக் கடன் கொடுங்கள். கழிக்கும் வண்டிக்கு நியாய விலை கொடுங்கள். இப்போது வரும் வண்டிகளில் பழுதைக் கண்டுபிடிக்கவே மின்னணுக் கருவி வேண்டும்; பழைய மெக்கானிக்குகளுக்கு அந்த வேலையைச் சம்பளத்தோடு கற்றுக்கொடுங்கள்.

இது டிரைவர் பாடு என்று ஒதுங்கலாமா, தோழர்களே? பஸ் வராத ஊரில், வேன் நின்ற அன்று மில் ஷிப்டு தவறும், நடவுக் கூலியும் போகும். வண்டிச் சொந்தக்காரரின் தோளோடு நம் தோளும் சேர வேண்டும்.

இரும்பைக் கழிக்கட்டும். இத்தனை வருஷம் அதற்கு உயிர் கொடுத்த கைகளைக் கழிக்க விடக்கூடாது.