சிறைவாயிலில் கேட்கத்தக்க வினா

போர்க்களத்தினின்று மீளும் வீரனுக்கு மாலை சூட்டுதல் எளிது. அவனே பின்னொரு நாள் குற்றவாளியாய் நீதிமன்றத்தில் நிற்பானாயின், அவன் முன்னர்ப் படையிற் பணிபுரிந்தவனோவென்று வினவுவார் அரியர். இக்குறைக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த ஒரு வழக்கே சான்றாம்.

போர்ட்டர் என்பார் கொரியப் போரில் காயமுற்ற வீரர். 1986-ஆம் ஆண்டில் இருவரைக் கொன்ற வழக்கில் புளோரிடாவில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்தம் போர்ப்பணியையும், அது மனத்தில் விளைத்த கேட்டையும் அவருடைய வக்கீல் ஆராய்ந்து ஜூரிகளுக்கு எடுத்துரைத்திலர். இது பெரும் பிழையென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2009-ஆம் ஆண்டிலேயாம்.

இதற்கு முந்திய ஆண்டில், பஃபலோ நகரில் நீதிபதி இராபர்ட் ரஸ்ஸல் முன்னாள் வீரர்க்கெனத் தனி நீதிமன்றம் ஒன்றைத் தொடங்கினார். ஆண்டு வருவோர் மனநோய்க்கும் குடிப்பழக்கத்திற்கும் சிகிச்சை பெறுதல் வேண்டும். நீதிபதிமுன் அடிக்கடி வந்து நிற்றலும் வேண்டும். பழைய வீரர் ஒருவர் அவர்க்குத் துணைநிற்பர். ஆயின், இத்தகைய மன்றத்திற்கு உரியாரை முதற்கண் அறிந்தாலன்றோ அனுப்பலாகும்?

2011-12-இல் எடுத்த கணக்கின்படி, அந்நாட்டிற் சிறைப்பட்டோருள் நூற்றுக்கு 8 பேர் முன்னாள் வீரர். இவருட் பலர் தாமே அதனைக் கூறார். நாணம் ஒரு காரணம். கடுங்குற்றத்திற்காகச் சிறைப்பட்டோர்க்கு 61-ஆம் நாள் முதல் ஊனத்திற்குரிய உதவித்தொகை குறைக்கப்படுதலின், அச்சம் மற்றொரு காரணம். போர்முனை காணாதாரோ தம்மை 'முன்னாள் வீரர்' என எண்ணுவதே இல்லை. ஆகலின், 'நீர் முன்னாள் வீரரோ?' என்பதினும், 'நீர் எப்போதேனும் படையிற் பணிபுரிந்ததுண்டோ?' என வினவுதலே நன்று. சிறைப்பட்டோர் பட்டியலைப் படைப்பதிவேடுகளோடு ஒப்பிடும் முறையும் அங்கு உண்டு. வாய்ச்சொல்லை மட்டும் நம்பாது இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொள்ளல் வேண்டுமென்பது நம் துணிபு.

'சட்டத்தின்முன் யாவரும் ஒருநிகரன்றோ? வீரர்க்கு மட்டும் சலுகை எதற்கு?' என்பார் உளர். அறிதல் வேறு, விடுவித்தல் வேறு. கொலையுண்டார் சுற்றத்தாரின் கண்ணீரைக் கொன்றவனது பதக்கம் துடைக்காது. எனினும், தண்டனையை அளப்பவர் முழு உண்மையையும் அறிந்தே அளத்தல் வேண்டும்.

நூறு ஆடுகளுள் ஒன்று காணாமற்போயிற்றென்று உவமையில் வரும் மேய்ப்பன் அறிந்தது, எண்ணிப்பார்த்தமையால் அன்றோ? எண்ணாதவன் தேடான். போருக்கு அனுப்பும் நாளில் ஒவ்வொருவன் பெயரையும் ஏட்டிற் பதிந்துகொண்ட அரசு, சிறைவாயிலிலும் அவ்வேட்டைத் திறந்து பார்த்தல் கடமையாம்.